பால்பல் முளைக்கும் முன்பே தொடங்க வேண்டியவை: குழந்தையின் வாயும் குடலும் உணவும்

குழந்தைக்கு ஊட்டும் ஒவ்வொரு கவளமும் இரண்டு இடங்களில் பந்தி வைக்கிறது. முதல் பந்தி வாயில், பல்லிலும் ஈறிலும் நாக்கிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்களுக்கு. இரண்டாவது பந்தி பெருங்குடலில், சிறுகுடலில் செரிக்காமல் மிஞ்சி வரும் நார்ச்சத்தையும் ஒருவகை மாவுச்சத்தையும் உண்டு வாழும் பாக்டீரியாக்களுக்கு. முதலாவதில் சர்க்கரை அடிக்கடி விழுந்தால் அமிலம் சுரக்கும் இனங்கள் பெருகிப் பல் சொத்தையாகிறது. இரண்டாவதற்குப் பருப்பும் காயும் பழமும் வந்து சேராவிட்டால், குடலின் உட்சுவருக்கு எரிபொருளாகும் பியூட்டிரேட் போன்ற குறுங்கொழுப்பு அமிலங்கள் போதிய அளவில் உருவாவதில்லை. பிறப்பு முதல் ஆறு வயது வரை இந்த இரண்டு இடங்களையும் கருத்தில் வைத்து என்ன ஊட்டுவது, எப்போது ஊட்டுவது, எதை வாங்காமல் விடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வாயையும் குடலையும் சேர்த்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. வாயில் இருக்கும் நுண்ணுயிர்களை உமிழ்நீரோடு நாள் முழுவதும் விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். வயிற்று அமிலமும் பித்தநீரும், குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் இனங்களும் அவற்றைப் பெரும்பாலும் தங்கவிடுவதில்லை. ஆனால் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் மடகாஸ்கரிலும் வளர்ச்சி குன்றிய குழந்தைகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வாயிலும் தொண்டையிலும் இருக்க வேண்டிய பாக்டீரியாக்கள் அக்குழந்தைகளின் சிறுகுடலிலும் மலத்திலும் மிகுந்து காணப்பட்டன. டாக்காவில் உயரம் குன்றிய குழந்தைகளின் சிறுகுடலை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வும் இதே திசையைக் காட்டியது. வாய்ப் பாக்டீரியாக்களே வளர்ச்சியைக் குறைத்தன என்று இவற்றைக் கொண்டு சொல்லிவிட முடியாது. போதாத உணவு, அசுத்தமான சூழல், திரும்பத் திரும்ப வரும் வயிற்றுப்போக்கு எல்லாம் அங்கே பின்னிக் கிடக்கின்றன. ஆயினும் பல் டாக்டரின் அறிவுரையையும் குழந்தை டாக்டரின் அறிவுரையையும் தனித்தனிக் கோப்புகளில் போட்டு வைக்கும் நம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள இது போதும்.

பிறந்த நாளிலிருந்து ஆறு மாதம் வரை

தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடி அதிகமாக இருக்கும் திடப்பொருள், குழந்தையால் செரிக்கவே முடியாத ஒன்று. ஒலிகோசாக்கரைடு எனப்படும் அந்தச் சர்க்கரைத் தொடர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவை பெருங்குடல் வரை சிதையாமல் போய், அங்கே பைஃபிடோபாக்டீரியம் என்னும் இனத்துக்கு உணவாகின்றன. அந்த இனம் அவற்றைப் புளிக்கவைத்து அசிட்டேட்டையும் லாக்டேட்டையும் உண்டாக்கிக் குடலைச் சற்றே அமிலத்தன்மையோடு வைத்திருப்பதால், நோய் தரும் பல இனங்களுக்கு அங்கே கால் ஊன்ற இடம் கிடைப்பதில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 903 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், முதல் ஆண்டில் குடல் நுண்ணுயிர்களின் அமைப்போடு மிக நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது தாய்ப்பால்தான்.

ஆகவே பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போட வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது. ஆறு மாதம் முடியும் வரை தண்ணீர்கூடத் தேவையில்லை. இது பலரும் கேட்டதுதான். நடைமுறையில் இதைக் குலைப்பது, நம் வீடுகளில் அன்போடு செய்யப்படும் சில காரியங்கள். சேனை என்று பிறந்த பிள்ளையின் நாவில் தேனோ சர்க்கரையோ தொட்டு வைத்தல், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், உரை மருந்து, வசம்பு, கிரைப் வாட்டர் என்று அந்த வரிசை நீளும். இவற்றுள் தேனை ஒரு வயது வரை எந்த அளவிலும் தரக் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கக்கூடும். காய்ச்சாத கழுதைப்பாலும், உரைகல்லில் இழைத்துத் தரும் மருந்தும் கிருமித்தொற்றுக்கு நேர்வழி. சேனை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பும் வீட்டில், “வேண்டாம் அத்தை” என்று ஒரே சொல்லில் மறுத்தால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். அதே பெரியவர், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, தாயின் சீம்பாலிலிருந்தே ஒரு சொட்டை எடுத்துக் குழந்தையின் உதட்டில் வைக்கலாம். சடங்கும் நிற்கும், பிள்ளைக்கும் கேடில்லை.

அறுவைச் சிகிச்சையில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தாயின் குடலிலிருந்து வர வேண்டிய சில இனங்கள், குறிப்பாகப் பாக்டீராய்ட்ஸ் வகை, தொடக்கத்தில் குறைவாகவே கிடைக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையால் நடந்தவை என்பதால், இது மிகப் பலரின் கவலை. மாதங்கள் செல்லச் செல்ல இந்த வேறுபாடு பெருமளவு குறைந்துவிடுகிறது. அதை ஈடுகட்ட விற்கப்படும் சொட்டு மருந்துகளைத் தேடி அலைவதைவிட, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்ததும் பால் கொடுக்க உதவும்படி செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது பயன் தரும். தாய்ப்பால் போதாமல் ஃபார்முலா தர நேர்ந்தால் குற்ற உணர்ச்சி தேவையில்லை. கொதிக்கவைத்த நீரில் டப்பாவில் சொன்ன அளவிலேயே கலந்து, புட்டிக்குப் பதிலாகப் பாலாடையிலோ சிறு கிண்ணத்திலோ புகட்டலாம். பாலாடையைக் கழுவிக் கொதிநீரில் போடுவது எளிது. புட்டியின் ரப்பர்க் காம்பைச் சுத்தம் செய்வது எளிதன்று.

இந்தப் பருவத்தில் வாயைப் பொறுத்தமட்டில் செய்ய வேண்டியது கொஞ்சமே. நாக்கில் வெண்மையாகப் படிந்திருப்பதை ஈரத்துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். வந்துவிட்டால் அது பால். வராமல் கன்னத்தின் உட்புறத்திலும் பரவியிருந்தால் அது கேண்டிடா என்னும் பூஞ்சையாக இருக்கலாம். அப்போது குழந்தைக்கும் தாயின் மார்புக் காம்புக்கும் சேர்த்தே சிகிச்சை செய்யாவிட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறி மாறி வந்துகொண்டிருக்கும்.

ஆறாம் மாதம் முதல்: கரண்டியைச் சாய்த்தால் வழியாத உணவு

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலை இரண்டு வயதுக்கும் மேலாகத் தொடர்ந்தபடியே இணை உணவைத் தொடங்க வேண்டும். குடலில் பைஃபிடோபாக்டீரியத்தின் ஆட்சி மெல்லத் தளர்ந்து, பலவகை இனங்கள் குடியேறுவதும் பாலின் பங்கு குறையத் தொடங்கும் இந்தக் காலத்தில்தான். குடியேறும் இனங்கள் எவை என்பதைத் தட்டில் விழும் பொருள்களின் பன்மை பெருமளவு தீர்மானிக்கிறது.

முதல் தவறு பெரும்பாலும் பதத்தில் நிகழ்கிறது. அரிசிக் கஞ்சியையோ பருப்புத் தண்ணீரையோ நீர்க்கக் கரைத்துக் கொடுத்தால் சிறு வயிறு தண்ணீரால் நிறைந்துவிடும். ஊட்டச்சத்து உள்ளே போகாது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழிந்தோடாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பருப்பின் தெளிவை எடுத்து ஊட்டிவிட்டு அடியில் தங்கும் பருப்பைப் பெரியவர்கள் குழம்பில் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தைத் தலைகீழாக்கினால் சரியாக இருக்கும். 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பதாம் மாதம் முதல் மூன்று நான்கு வேளையும் இடையில் ஓரிரு சிற்றுணவும் என்பது பொதுவான அளவு.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உணவுத் தொகுதிகள் எட்டு: தாய்ப்பால்; தானியமும் கிழங்கும்; பருப்பு, கொட்டை வகைகள்; பாலும் தயிரும்; மீன், இறைச்சி; முட்டை; மஞ்சள், ஆரஞ்சு நிறக் காய்கனிகளும் கீரைகளும்; பிற காய்கனிகள். நாளுக்கு இவற்றில் குறைந்தது ஐந்து தொகுதிகள் குழந்தையின் வாய்க்குள் போக வேண்டும். இட்லியும் பாலும் பிஸ்கட்டும் மட்டும் தின்று வளரும் பிள்ளைக்கு வயிறு நிறைந்திருக்கும். எண்ணிப் பார்த்தால் மூன்று தொகுதிகளைத் தாண்டாது. காலையில் இட்லியோடு சாம்பாரின் பருப்பையும் பூசணித் துண்டையும் மசித்து வைத்து, மதியச் சோற்றில் முட்டையின் பாதியையோ முள் நீக்கிய மீனையோ பிசைந்து, மாலையில் ஒரு பப்பாளித் துண்டு கொடுத்தால் தாய்ப்பாலோடு சேர்த்து ஐந்து வந்துவிடும்.

எந்த உணவு குடல் நுண்ணுயிர்களைத் தேற்றும் என்பதை நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று நம் சமையலறைக்கு மிக அருகில் இருப்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். டாக்காவில் உள்ள பன்னாட்டு வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையத்தின் தஹ்மீத் அகமதுவும், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கார்டனும் பல ஆண்டுகள் இணைந்து உழைத்தவர்கள். ஊட்டம் குன்றிய குழந்தையின் குடல் நுண்ணுயிர்கள் அதன் வயதுக்கு ஏற்ற முதிர்ச்சியை அடைவதில்லை என்று இவர்களின் குழு 2014-இல் காட்டியது. அந்த முதிர்ச்சியை மீட்கும் உணவைத் தேடிப் பல கலவைகளைச் சோதித்து, கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, வேர்க்கடலை, வாழைக்காய் ஆகியவை சேர்ந்த ஒரு கலவையைத் தேர்ந்தெடுத்தார்கள். டாக்காவின் மிர்பூர் குடிசைப் பகுதியில் 12 முதல் 18 மாதம் வரையிலான, மிதமான ஊட்டக்குறை கொண்ட குழந்தைகளுக்கு மூன்று மாதம் இதை ஊட்டினர். ஒப்பிடுவதற்காக மற்றொரு பிரிவினருக்கு, அரிசியும் பருப்பும் சேர்ந்த, வழக்கமாகத் தரப்படும் ஊட்டக் கலவை தரப்பட்டது. 118 குழந்தைகள் ஆய்வை முடித்தனர். 2021-இல் முடிவு வெளியானபோது, கடலை-வாழைக்காய்க் கலவையில் கலோரி குறைவாக இருந்தும் அதைத் தின்ற குழந்தைகளே வேகமாக எடை தேறியிருந்தனர். கலோரிக் கணக்கு மட்டுமே பார்ப்பவர்களுக்கு இது சற்றுச் சங்கடமான முடிவு. அந்தக் கலவையில் எண்ணெயும் சர்க்கரையும் தாதுக்களும் வைட்டமின்களும்கூட உண்டு. அது மெலிந்த குழந்தைகளுக்கான சிகிச்சை உணவு. ஆகவே அதை அப்படியே வீட்டில் நகலெடுக்க வேண்டியதில்லை.

எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் பொருள்களை. கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை மூன்றும் ஒரே செடியின் விளைச்சல். வாழைக்காயைக் குழந்தைக்குக் கொடுப்பதும் நமக்குப் புதிதன்று. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் காயவைத்த ஏத்தங்காய்ப் பொடியில் கூழ் காய்ச்சி ஊட்டுவார்கள். பழுக்காத வாழையின் மாவுச்சத்து சிறுகுடலில் முழுதும் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காய் உதவுவதாக அதே டாக்கா நகரில் நடந்த ஆய்வு 2001-இலேயே வெளிவந்தது.

எட்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு வீட்டில் இப்படிச் செய்யலாம். பாதி வாழைக்காயைத் தோலோடு நன்றாக வேகவைத்து, தோலை உரித்து நாரில்லாமல் மசிக்கவும். இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் பச்சை வாசனை போகக் கிளறி, மசித்த காயையும் சேர்க்கவும். வறுத்துத் தோல் நீக்கி மைய அரைத்த வேர்க்கடலை விழுது ஒரு தேக்கரண்டி, கடைசியில் அரைத் தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ போதும். இனிப்பு வேண்டாம்; சீரகப் பொடி ஒரு சிட்டிகை போட்டால் பிள்ளைகள் விரும்பித் தின்கிறார்கள். சுருங்கிய, பூஞ்சை பிடித்த, கசக்கும் வேர்க்கடலையைத் தயங்காமல் எறிந்துவிடவும். அவற்றில் அஃப்ளாடாக்சின் நச்சு இருக்கக்கூடும். முதல் முறை வேர்க்கடலை தரும்போது நுனிக்கரண்டி அளவில் தொடங்கி, தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று கவனிக்க வேண்டும். கரப்பான் என்னும் தோல் நோயோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தையாக இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்கவும். முழுக் கடலையை ஐந்து வயது வரை தரக் கூடாது; மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும்.

புளித்த உணவைப் பற்றி நம்மிடையே பெருமிதம் அதிகம். அதில் பாதிதான் சரி. இட்லி மாவில் லியூகோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் பெருகி மாவைப் பொங்க வைக்கின்றன என்பது உண்மை. ஆவியில் வெந்த இட்லியில் அவை உயிரோடு இருப்பதில்லை. இட்லி நல்ல உணவாவது, உளுந்து சேர்வதாலும், புளிக்கும்போது இரும்புச்சத்தைத் தடுக்கும் ஃபைட்டேட் குறைவதாலும்தான். உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்றால் காய்ச்சிய பாலில் உறை ஊற்றிய தயிர் போதும். இணை உணவு பழகிய பின் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். பசும்பாலைக் குடிக்கும் பாலாக ஒரு வயதுக்கு முன் தர வேண்டாம். ஒரு வயதுக்குப் பிறகும் அரை லிட்டருக்கு மேல் போனால் பசி மந்தித்து, மலச்சிக்கலும் இரத்தசோகையும் வரும். பழைய சோறு பெரிய பிள்ளைகளுக்கு நல்லது. நேற்று மதியம் வடித்து வெயில் காலத்தில் வெளியே கிடந்த சோற்றைக் கைக்குழந்தைக்குக் கரைத்து ஊட்டுவது ஆபத்து.

இரும்புச்சத்து பற்றி ஒரு சொல். இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக அதே 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. உறிஞ்சப்படாத இரும்பு பெருங்குடலில் நோய் தரும் பாக்டீரியாக்களுக்கு உதவுவதாகக் கென்யாவில் நடந்த ஆய்வு காட்டியது உண்மைதான். அதைப் படித்துவிட்டு இரும்பு டானிக்கை நிறுத்துகிறவர்களையும் காண முடிகிறது. அது பெரும் பிழை. அரசுத் திட்டத்தில் வாரம் இரு முறை தரும் ஒரு மில்லி சிரப் அளவாகவே வகுக்கப்பட்டது. அதைக் கொடுத்தபின் வாயைத் தண்ணீரால் கழுவிவிட்டால் பல்லில் கறை ஏறாது. உணவில் கீரையோடு எலுமிச்சையோ நெல்லியோ தக்காளியோ சேர்த்து, அந்த வேளையில் தேநீரைத் தவிர்த்தால் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும்.

எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை

பல்லின் எனாமல் கரையத் தொடங்குவது வாயின் அமிலகாரச் சுட்டெண் (pH) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது. இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்கிவிடுகின்றன. உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து மீட்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். ஆகவே மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு துண்டு மைசூர்பாகை ஒரேயடியாகத் தின்று முடிக்கும் பிள்ளையைவிட, அதே அளவு சர்க்கரையை பிஸ்கட்டாகவும் ரஸ்க்காகவும் பிற்பகல் முழுவதும் கையில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கே பல் வேகமாகக் கெடும். அமிலம் நீடிக்கும் வாயில் அமிலத்தைத் தாங்கும் இனங்கள் மட்டுமே பெருகுகின்றன, மற்றவை ஒதுங்கிவிடுகின்றன.

இதில் நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் எதற்கும் விலக்கு இல்லை. கருப்பட்டியில் தாதுக்கள் கொஞ்சம் இருக்கலாம். பல்லின்மேல் உட்கார்ந்திருக்கும் பாக்டீரியாவுக்கு அது சர்க்கரைதான். இரண்டு வயது வரை சேர்த்த சர்க்கரையே இல்லாமல் வளர்ப்பது நலம். அதற்குமேல், மொத்த ஆற்றலில் 5 சதவீதத்துக்குள் சர்க்கரை இருப்பது சிறந்தது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்; ஆயிரம் கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு அது சுமார் மூன்று தேக்கரண்டி. காலைப் பாலுக்கு ஒன்றரை, மாலைப் பாலில் கலக்கும் சத்துபான மாவு, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் சர்க்கரை என்று கணக்குப் போட்டால் மாலைக்குள்ளேயே அளவு தாண்டிவிடும். இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக் கொடுக்கும் பழக்கத்தை முதலில் நிறுத்தச் சொல்வேன். தேங்காய்ச் சட்னியைக் காரமில்லாமல் அரைத்தால் ஒரு வயதுப் பிள்ளையும் தின்னும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் வெல்லம் ஏற்கெனவே இருப்பதால் அதில் மேலும் இனிப்புச் சேர்க்காமல், சாப்பாட்டு வேளையிலேயே உருண்டையாகக் கொடுத்து முடித்துவிட வேண்டும். டப்பாவில் வரும் குழந்தை உணவுகளின் லேபிளில் சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் சிரப் ஆகிய பெயர்களைத் தேடிப் படியுங்கள்.

எல்லாவற்றிலும் கொடியது இரவுப் புட்டி. தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பு மிகக் குறைந்துவிடும். சர்க்கரை கலந்த பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்க, அதைக் கழுவ எதுவும் இல்லாமல் மணிக்கணக்கில் அமிலம் தங்கிவிடுகிறது. இதை நிறுத்த ஒரே இரவில் புட்டியைப் பிடுங்கினால் வீடே தூங்காது. முதலில் சர்க்கரையை நாளுக்குக் கொஞ்சமாகக் குறைத்து இல்லாமலாக்குங்கள். பிறகு பாலில் தண்ணீரின் பங்கை ஒவ்வோர் இரவும் கூட்டிக்கொண்டே போங்கள். வெறும் தண்ணீராகும்போது பெரும்பாலான குழந்தைகள் தாமே விட்டுவிடுகின்றன. கடைசி வேளைப் பாலைத் தூக்கத்துக்கு முன் கிண்ணத்தில் கொடுத்து, பல் துலக்கி, அதன்பின் தூங்க வைப்பது இறுதி நிலை. ஒரு வயதை ஒட்டி இதைச் செய்வது எளிது. இரண்டு வயதுக்குமேல் பிடிவாதம் வந்துவிடும்.

உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

மாதம் ஒரு முறை, வெளிச்சத்தில் குழந்தையை மடியில் படுக்கவைத்து, மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கி, முன்பற்கள் ஈறைத் தொடும் ஓரத்தைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். அங்கே சுண்ணாம்பு பூசியதுபோல மங்கிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் முதல் படி. பழுப்பாகிக் குழி விழும் முன் இந்த நிலையில் இனிப்பின் எண்ணிக்கையைக் குறைத்து, பல்லை உறுதியாக்கும் ஃப்ளூரைடைப் பல்லில் படச் செய்தால் எனாமல் மீண்டும் இறுகும். “விழப்போகிற பால்பல்தானே” என்று விட்டுவிடுபவர்கள், சொத்தைப் பல் வலியால் பிள்ளை மெல்ல மறுப்பதையும், அதனால் பருப்பும் காயும் தட்டிலேயே மீந்து கஞ்சியும் பாலும் மட்டும் உள்ளே போவதையும் கவனிப்பதில்லை. வாயின் கேடு குடலின் உணவையும் குறைப்பது இப்படித்தான்.

முதல் பல் முளைத்ததும் துலக்கத் தொடங்க வேண்டும். மூன்று வயது வரை அரிசிமணி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு ஃப்ளூரைடு பற்பசை போதும். அதில் ஃப்ளூரைடு 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) இருக்கிறதா என்று பற்பசைக் குழாயில் பாருங்கள். கார்ட்டூன் படம் போட்ட பல பற்பசைகளில் ஃப்ளூரைடே இருப்பதில்லை. காலையில் விட்டாலும் இரவில் விடக் கூடாது. ஏழெட்டு வயது வரை பெரியவர் கையால் துலக்கிவிட வேண்டும்; பிள்ளை தானே துலக்குவது பழக்கத்துக்காக மட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் இலங்கையின் அனுராதபுரம் பகுதியிலும் நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு மிகுந்த ஊர்கள் உண்டு. அங்கே கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் குடிக்கும் குழந்தைக்குப் பற்பசையின் அளவை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யவும். நீரை மாற்றுவதே முதல் வேலை.

சொத்தை உண்டாக்கும் பாக்டீரியா பெரும்பாலும் தாயிடமிருந்தோ வளர்ப்பவரிடமிருந்தோ உமிழ்நீர் வழியாக வருகிறது. கரண்டியை நக்கிச் சூடு பார்ப்பது, மென்று ஊட்டுவது ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் முத்தத்துக்கெல்லாம் பயப்படுவது வீண். கர்ப்ப காலத்திலேயே தாய் தன் சொத்தைப் பற்களை அடைத்துக்கொள்வது அதைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

வயிற்றுப்போக்கும் மருந்துகளும்

நீர்த்த வயிற்றுப்போக்குக்குத் தேவை ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாகமும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதுக்கு 10 மில்லிகிராம் என்று 14 நாள் துத்தநாகம் தர வேண்டும். போக்கு நின்றாலும் இடையில் நிறுத்தக் கூடாது. உணவையும் தாய்ப்பாலையும் நிறுத்தினால் குடல் தேறுவது தாமதமாகும். பெரும்பாலான நீர்த்த போக்குக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்வதில்லை. குடலில் இருக்கும் நல்ல இனங்களைத்தான் அது முதலில் அழிக்கும். சளிக்கும் அப்படியே. போன மாதம் மீந்த புட்டியை எடுத்துக் கொடுப்பதும், மருந்துக் கடையில் கேட்டு வாங்குவதும் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள்வரை முழுதாகக் கொடுக்க வேண்டும். இனிப்பான சிரப் என்பதால் கொடுத்தபின் வாயைத் துடைத்துவிட வேண்டும்.

உயிருள்ள பாக்டீரியாக்கள் அடங்கிய ப்ரோபயாடிக் பொட்டலங்களுக்காகச் செலவழிக்கும் பணத்தை முட்டைக்கும் கடலைக்கும் செலவழியுங்கள் என்பதே என் கருத்து. வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைகளுக்கு அவற்றைக் கொடுத்துப் பார்த்து 2018-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் வெளியான இரு பெரிய ஆய்வுகளில் பயன் எதுவும் தெரியவில்லை. அதற்கு மாறாக, ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சைக் குழந்தைகளுக்கு ஒரு குறிப்பிட்ட லாக்டோபாசில்லஸ் பாக்டீரியா வகையை, அந்தப் பாக்டீரியாவுக்கு உணவாகும் பொருளோடு சேர்த்து ஏழு நாள் கொடுத்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தத்தில் கிருமித்தொற்றும் இறப்பும் 40 சதவீதம் குறைந்தன. இரண்டும் உண்மையாக இருக்கக் காரணம், ஒரு வகை செய்த வேலையை இன்னொரு வகை செய்வதில்லை என்பதே. கடையில் கிடைக்கும் பொட்டலம் ஒடிசாவில் கொடுத்த வகையாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். குறைமாதக் குழந்தைக்கோ எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைக்கோ டாக்டர் சொல்லாமல் இவற்றைக் கொடுப்பது ஆபத்தும்கூட.

அசுத்தமான கையும் நீரும் இருக்கும்வரை நல்ல உணவும் முழுப் பயன் தராது. மலம் கழுவிய பின்னும் ஊட்டும் முன்னும் சோப்பால் கை கழுவுதல், ஊர்ந்து விளையாடும் தரையில் கோழி எச்சம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுதல், ரோட்டாவைரஸ் தடுப்புச் சொட்டை உரிய காலத்தில் போடுதல், ஒரு வயது முதல் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் பூச்சி மாத்திரையைத் தவறவிடாதிருத்தல் ஆகிய நான்கும் குடலுக்கான சிகிச்சையே.

மலத்தில் இரத்தம், கண் குழிதல், அழுதால் கண்ணீர் வராமை, எதையும் குடிக்க மறுத்தல், இரு பாதங்களிலும் வீக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இடக்கையின் நடுப்புயச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஊட்டக்குறை, 11.5-க்குக் கீழே என்றால் கடுமையான நிலை. இதை அங்கன்வாடியில் நாடாவால் ஒரு நிமிடத்தில் அளந்து சொல்வார்கள். பல் டாக்டரிடம் ஒரு வயதுக்குள் ஒரு முறை காட்டுங்கள். சொத்தை விழுந்துவிட்டாலும், குழந்தையை அழவைத்துத் தோண்டாமல் சில்வர் டையமைன் ஃப்ளூரைடு என்னும் மருந்தைத் தடவி அதை அந்த இடத்திலேயே நிறுத்தி வைக்க முடியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் 2021 முதல் அது இருக்கிறது. தடவிய இடம் கறுத்துவிடும் என்பதைப் பெற்றோருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஆறு வயதை ஒட்டி, பால்பற்கள் எதுவும் விழாமலேயே, கடைவாயில் அவற்றுக்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும். அதையும் பால்பல் என்று எண்ணிப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதன் பள்ளங்களில் உணவு எளிதில் தங்கும் என்பதால், முளைத்து வெளியே தெரிந்ததும் பள்ளங்களை மூடும் சீலன்ட் பூசச் சொல்லிக் கேளுங்கள்.